ஏலத்தில் எடுத்த கிண்ணம்

— ஈரக் கையோட தொடாத யூனிஸ்.

— கிண்ணம்தானேங்க. கிண்ணத்தை ஈரக் கையால தொடாம வேற எப்படித் தொடுவாங்க?

— இது சட்னி ஊத்தற கிண்ணம் இல்ல. ஆர்ட் பீஸ். தள்ளி நின்னு பாக்கணும். அந்த ஷோகேஸ்ல நடுத்தட்டைக் காலி பண்ணிக் குடு.

— நடுத்தட்டுல நீங்க ஆபீஸ் கேரம் போட்டியில வாங்கின கப்பு இருக்கு. அதை எடுத்துட்டா நம்ம வீட்டு மானம் என்னாகறது?

— கேலி பண்ணு, பண்ணு. நான் ஏலத்துல எடுத்ததும் சர்ச்சுல அத்தனை பேரும் எழுந்து நின்னு பாத்தாங்க, தெரியுமா?

— பிரியாணி அண்டா வந்துச்சுன்னு எழுந்தாங்க.

— உனக்கு இதெல்லாம் புரியாது. நீ கணக்கு டீச்சர். கேட்டுக்கோ, இன்னைக்கு அறுப்பின் பண்டிகை ஏலத்துல பூசணிக்கா வந்துச்சு, வாழைத்தார் வந்துச்சு, உயிரோட கோழி வந்துச்சு. நான் எதுக்காவது கை தூக்கினேனா?

— போன வருஷம் ஒரு எலுமிச்சம்பழத்துக்குத் தூக்கினீங்க. அந்தக் காசுல ஒரு மூட்டை பழம் வாங்கி ஊறுகாயே போட்டிருக்கலாம்.

— அது காணிக்கை. கர்த்தருக்குப் போகுது. பழத்தைப் பாக்கக் கூடாது.

— நான் பாத்தேன். வாடிப் போயிருந்துச்சு.

— அதை விடு. இதுக்கு வா. எலியேசர் அண்ணன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, மேல மூடியிருந்த வெள்ளைத் துணியை மெதுவா எடுத்தாரு பாரு, அப்பவே எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ பண்ணிச்சு.

— காலையில டிபன் சாப்பிடாம கெளம்பினீங்க. வாய்வா இருக்கும்.

— யூனிஸ்.

— சரி, சரி. சொல்லுங்க. என்னதான் இருக்கு இதுல?

— இந்த நீலத்தைப் பாரு. மேல கருநீலம். கீழ வர வர அப்படியே கரைஞ்சு, அடியில மண்ணு நிறமா முடியுது. கோவளத்துல விடியக்காலம் போய் நின்னா கடல் இப்படித்தான் தெரியும்.

— நீங்க எப்ப விடியக்காலம் கோவளத்துல நின்னீங்க? ஏழரை மணி ஆராதனைக்கே உங்களை எழுப்பறதுக்குள்ள எனக்குப் பாதி ஜெபம் முடிஞ்சுடுது.

— அப்புறம் இந்த வாய். ஒரு பக்கம் லேசா சாஞ்சிருக்கு, தெரியுதா? தப்பு இல்ல அது. வேணும்னே அப்படி விட்டிருக்காங்க. அதுலதான் உயிரே இருக்கு.

— யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? கண்ணு இருக்கறவனுக்குத் தெரியும். நான் கவனிச்சுக்கிட்டே இருக்கேன், ஸ்டெபின் கை தூக்கறான். நாவலூர்ல அவன் ஃப்ளாட்டைப் பாத்திருக்கேல்ல? அமெரிக்காவுல இருந்துட்டு வந்தவன். கதவுக் கைப்பிடிகூட இத்தாலியிலேந்து வரவழைச்சிருக்கான். அவன் கை தூக்கறான்னா சும்மாவா?

— ஓகோ. கண்ணு இருக்கறவன்னு நீங்க சொன்னது ஸ்டெபின் கண்ணையா?

— அவன் ஏத்தினான், நான் ஏத்தினேன். அவன் மறுபடி தூக்கினான், நானும் விடலை. கடைசில அவனே கையைக் கீழ போட்டுட்டான்.

— அவரு ஒண்ணும் விட்டுக் குடுக்கலைங்க. ஃபேனைப் போட்டுட்டாங்க.

— என்ன ஃபேன்?

— அவரு சம்சாரம் பிளஸ்ஸி எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அவரு தலைக்கு மேல இருந்த ஃபேன் ஓடலை. வேர்த்து ஊத்துது. ஃபேனைப் போடுங்க, ஃபேனைப் போடுங்கன்னு கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கிட்டு இருந்தாரு. எலியேசர் அண்ணன் மைக்ல, நாவலூர் தம்பி கேக்குறாரு, நாவலூர் தம்பி விட மாட்டாருன்னு ஏத்திக்கிட்டே போனாரு. பிளஸ்ஸி முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா.

— ஃபேனுக்கா கை தூக்கினான்?

— ஃபேனுக்குத்தான். நீங்க ஃபேனோட போட்டி போட்டு ஜெயிச்சுட்டு வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்.

— சரி, போகட்டும். ஸ்டெபினுக்கு வேணாம்னா கிண்ணம் கெட்டுப் போயிடுமா? எனக்குப் பிடிச்சிருக்கு, நான் எடுத்தேன். அதுவும் யாரு வெச்சாங்கன்னு பேரே போடலை, பாத்தியா? பாஸ்டருக்கே தெரியலை. கார் கம்பெனிக்கு வந்திருக்கற கொரியாக்காரங்க யாராவது வெச்சிருப்பாங்கன்னு எலியேசர் அண்ணன் சொல்றாரு.

— கொரியாக்காரங்க நம்ம தமிழ் ஆராதனைக்கு எதுக்குங்க வர்றாங்க?

— வந்து காணிக்கையை வெச்சுட்டு சத்தமில்லாம போயிருப்பாங்க. அவங்க பெருமைக்குக் குடுக்கற ஜனங்க இல்ல. நம்மாளா இருந்தா ஒரு டியூப்லைட் குடுத்தாக்கூட அதுல பேரு எழுதிட்டுத்தான் குடுப்பான்.

— நீங்க குடுத்த சுவர்க் கடிகாரத்துல உங்க பேரு, எம் பேரு, செத்துப்போன உங்க சித்தப்பா பேரு, எல்லாம் இருக்கு. மணிதான் தெரிய மாட்டேங்குது.

— அது ஞாபகார்த்தம்.

— ஆமா, ஆமா. திரும்பி வரும்போது இதை மடியில குடுத்துட்டு பைக்கை எப்படி ஓட்டினீங்க? ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்னு நின்னு. எப்சி பொறக்கறதுக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட அப்படி ஓட்டலையே.

— எப்சின்னதும்தான் ஞாபகம் வருது. எங்க அவ? சர்ச்சுக்கும் வரலை, சாப்பிடவும் வரலை.

— திருமுடிவாக்கம் போயிருக்கா.

— ஞாயித்துக்கிழமை அங்க என்ன வேலை? பட்டறை எல்லாம் மூடிக் கிடக்கும்.

— ஒரு பட்டறைக்காரர் இவளுக்காகத் திறந்து வெச்சிருக்காரு. சூளையை லாரியில ஏத்தி விடறாரு.

— எதை?

— சூளைங்க. அவ செய்யற சட்டி, கிண்ணத்தைச் சுடறதுக்குக் கரண்ட்டுல ஓடற சூளை. இதுவரைக்கும் வெளிய குடுத்துத்தானே சுட்டு வாங்கிட்டு வந்தா. அவ சம்பளத்துலேந்து சேத்து வெச்சு, செய்யச் சொல்லியிருந்தாளே. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நீங்க கத்துனீங்களே, அதே சூளைதான்.

— இந்த கேட்டுக்குள்ள அது வராதுன்னு நான் சொன்னேனா, இல்லையா?

— சொன்னீங்க. தெரு முழுக்கக் கேட்டுச்சு. எதிர்வீட்டுக்காரங்க வந்து யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போனாங்க.

— அதை வைக்க அவ கேக்கற கார் ஷெட்டை எலியேசர் அண்ணனுக்குக் குடுக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். புதுக் கார் வாங்கியிருக்காரு, நிறுத்த இடம் இல்ல. நாளைக்குக் கொண்டு வந்து விடறாரு. லாரி வந்தா வந்த வழியே திரும்பிப் போகட்டும். இவ நாளைக்கு நாவலூர் ஆபீஸ்ல சேரணும். விட்டுட்டுப் போன பொண்ணை மறுபடி கூப்பிடறாங்க, எந்தக் கம்பெனி கூப்பிடும்? இதை விட்டா அவ்ளோதான்.

— அவளும் அதைத்தான் சொல்லிட்டுப் போயிருக்கா. இன்னைக்கு சூளை உள்ள வரலைன்னா நாளைக்கு ஆபீஸ் போயிடறேம்மா, இனிமே அப்பாகிட்ட கேக்க மாட்டேன், மண்ணையும் தொட மாட்டேன்னுட்டா. கத்தியிருந்தாக்கூடப் பரவால்ல. அமைதியா சொன்னா. அதான் எனக்குப் பயமா இருக்கு.

— இதுல பயப்பட என்ன இருக்கு? இதைத்தானே நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்? இன்ஜினியரிங் படிக்க வெச்சது மண்ணு பிசையறதுக்கா? ஒருத்தன் வந்து உங்க பொண்ணு என்ன பண்றான்னு கேக்குறான். நான் என்னன்னு சொல்லட்டும்? பின்பக்கம் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்து சட்டி செய்யறான்னா? அதுலயும் ஒண்ணாவது நேரா நிக்குதா? எல்லாம் கோணல்.

— வேணும்னே அப்படி விட்டிருப்பா. அதுலதான் உயிரே இருக்கு.

— அது வேற, இது வேற.

— எப்படி வேற? கணக்கு டீச்சருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— எப்படிச் சொல்றது... இதுல ஒரு அனுபவம் தெரியுது யூனிஸ். வருஷக்கணக்கா பழகின கை. இந்தா, கிண்ணத்துக்கு அடியில தடவிப் பாரு. விரலை வெச்சு அமுக்கின தடம் இருக்கா? செஞ்சவரோட கட்டைவிரல் அது. எங் கட்டைவிரலை அதுல வெச்சேன், அப்படியே உக்காருது. இதைச் செய்யும்போது அந்த மனுஷன் மனசுல என்ன ஓடியிருக்கும்? ஜெபம் பண்ணிக்கிட்டேதான் செஞ்சிருப்பாரு.

— என்ன ஓடியிருக்கும்னு நான் சொல்லட்டுமா? அப்பா ஆபீஸ்லேந்து வர்றதுக்குள்ள தரையைத் துடைச்சுடணும்னு ஓடியிருக்கும்.

— யாரு அப்பா?

— நீங்கதான்.

— என்ன உளர்ற?

— உங்க கொரியாக்காரர் பேரு எப்சிங்க. வாஷிங் மெஷினுக்கு மேல தட்டு அடிச்சு வெச்சிருக்காளே, அதுலேந்து காலையில நான்தான் எடுத்தேன். கழுவி, வெள்ளைத் துணியில சுத்தி, நாம காணிக்கைக்குக் கொண்டு போன பூசணிக்கா இருந்த பையிலயே வெச்சுக் கொண்டு வந்தேன். உங்க பைக்லதான், உங்க முதுகுக்குப் பின்னாடிதான் வந்துச்சு. யாரும் பாக்காதப்ப காணிக்கை மேஜையில, பூவுக்கு நடுவுல வெச்சுட்டு வந்து உக்காந்துட்டேன்.

— பொய் சொல்ற.

— பைபிளை எடுத்துட்டு வரட்டுமா? கை வெச்சுச் சொல்றேன்.

— எதுக்கு இப்படிப் பண்ணின?

— வீட்டுல வெச்சா நீங்க பாக்க மாட்டேங்கறீங்க. சர்ச்சுல வெள்ளைத் துணி போட்டு வெச்சா பாக்கறீங்களான்னு பாத்தேன். கொஞ்ச நேரம் நின்னு பாப்பீங்க, வீட்டுக்கு வந்ததும் மெதுவா பேச்சை எடுக்கலாம்னுதான் நினைச்சேன். ஏலமே எடுத்துடுவீங்கன்னு நான் எதிர்பாக்கலை. அது அந்த ஃபேன் செஞ்ச ஊழியம்.

— குடு இங்க.

— ஈரக் கைங்க.

— குடு யூனிஸ். ம்ம். நான் அப்பவே நினைச்சேன், கனம் கொஞ்சம் ஜாஸ்தி.

— ஆரம்பிச்சாச்சா?

— நீலம்கூட ஒரே சீரா இல்ல. இந்தப் பக்கம் திட்டுத்திட்டா நிக்குது. வாயும் இழுத்துக்கிட்டு இருக்கு. கீழ வெச்சா ஆடும் போல.

— கோவளம் எங்கங்க போச்சு?

— எந்தக் கோவளம்?

— விடியக்காலம். இப்பதான் இங்க இருந்துச்சு. கிண்ணம் அதேதான், அதே ஜன்னல் வெளிச்சம்தான். பேரைச் சொன்னதும் கடல் வத்திப் போச்சு. ஜெபம் பண்ணிக்கிட்டே செஞ்ச விரலு, வேலைவெட்டி இல்லாத விரலாயிடுச்சு.

— போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சுக் கேக்கற மாதிரி கேக்காத.

— கேப்பேன். தினமும் அந்தத் தட்டைத் தாண்டித்தானே பாத்ரூமுக்குப் போறீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒண்ணைக் கையில எடுத்துப் பாத்திருக்கீங்களா? தூசி தட்டக்கூடத் தொட மாட்டீங்க. நான் தினம் பாக்கறேன். அவ கை எனக்குத் தெரியும். எங்க கொண்டு போய் எதோட வெச்சாலும் இது எம்பொண்ணு செஞ்சதுன்னு நான் சொல்லிடுவேன். பெத்தவதானே நானும். நீங்களும் பெத்தவர்தான்.

— கத்தாத. எனக்குக் கொஞ்சம் நேரம் குடு.

— நேரம் இல்லைங்க. லாரி பல்லாவரம் தாண்டியிருக்கும்.

— யூனிஸ்.

— சொல்லுங்க.

— இதை நான் எடுத்ததுக்கப்புறம் கோழி, வாழைத்தார்னு ஏலம் ஓடிக்கிட்டே இருந்துச்சுல்ல. எனக்கு ஒண்ணும் காதுல விழலை. மடியில வெச்சுக்கிட்டு கர்ச்சீப்பால துடைச்சுக்கிட்டே இருந்தேன். அழுக்கு ஒண்ணும் இல்ல, ஆனாலும் துடைச்சேன். ஆபீஸ்ல என்னை வேலூருக்குத் தூக்கிப் போடப் போறாங்கன்னு ஒரு மாசமா தூக்கம் இல்லாம கெடக்கேனே, அதுகூட ஞாபகத்துக்கு வரலை. ஸ்டெபினுக்காக இல்ல அது. நிஜமாவே எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

— அது எனக்குத் தெரியும். பக்கத்து வரிசையிலேந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். உங்க முகம் அப்படி இருந்து நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

— அப்ப அவளுக்கு நெஜமாவே வருதா?

— கையில வெச்சுக்கிட்டு என்னைக் கேக்கறீங்களே.

— நான் அவளை என்னென்னவோ சொல்லிட்டேன்.

— சொன்னீங்க. உங்க தங்கச்சி வீட்டு ஆளுங்க முன்னாடி, எங்க வீட்டுச் சட்டிக்காரின்னு கூப்பிட்டுக் காட்டினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அப்புறம் சாப்பிடாமலே போய்ப் படுத்துட்டா. நான் அதை மறக்கலை.

— போனை எடு.

— யாருக்கு?

— எடு, சொல்றேன். அண்ணே, ஸ்தோத்திரம், தனசிங் பேசறேன். இன்னும் சர்ச்சுலதான் இருக்கீங்களா? ஆமாண்ணே, பிரியாணியில உப்பு கம்மிதான். அண்ணே, அந்தக் கார் ஷெட் விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க, குடுக்க முடியாத மாதிரி ஆயிடுச்சு. பொண்ணுக்கு வேணும்ணே. ஸ்டுடியோ வைக்கறா. போட்டோ ஸ்டுடியோ இல்லண்ணே. ஆர்ட். இன்னைக்கு நான் எடுத்தேனே ஒரு கிண்ணம், அதை யாரு செஞ்சதுன்னு நினைக்கறீங்க? கொரியாவும் இல்ல, ஜப்பானும் இல்ல. நம்ம இரும்புலியூர். எம்பொண்ணு எப்சி.

— மெதுவாங்க. அவ வரட்டும் முதல்ல.

— ஆமாண்ணே, சின்ன வயசுலேந்தே அப்படித்தான். நாந்தான் தட்டிக் குடுத்து வளத்தேன். நம்ம குடும்பத்துல கலை ரத்தத்துலயே இருக்குண்ணே, எங்க தாத்தா பாத்தீங்கன்னா...

— உங்க தாத்தா போஸ்ட் ஆபீஸ்ல ஸ்டாம்பு குத்திக்கிட்டு இருந்தாரு.

— நீ சும்மா இரு. உங்களை இல்லண்ணே. ஸ்டெபின் பக்கத்துல நிக்கறானா? குடுங்க, குடுங்க. தம்பி, அங்கிள்தான். கேட்டியா விஷயத்தை? பிளஸ்ஸி கேக்குறாளா? ஆறா? அதுக்கென்ன, செஞ்சுடலாம். அதே நீலம், அதே வளைவு, அச்சு அசலா அப்படியே. கிறிஸ்துமஸுக்குள்ள வந்துடும். வெச்சிடறேன், ஸ்தோத்திரம்.

— யாரைக் கேட்டு ஆறு கிண்ணம் ஒத்துக்கிட்டீங்க?

— என் பொண்ணு செய்வா. அதுமட்டும் இல்ல, பாஸ்டரும் அங்கயே இருந்தாராம். அடுத்த ஞாயித்துக்கிழமை அவளை முன்னாடி கூப்பிட்டு நிக்க வெச்சு ஜெபம் பண்ணப் போறாங்களாம், கிண்ணத்தையும் எடுத்துட்டு வரச் சொல்றாங்க.

— காலையில வரைக்கும் கோணல் சட்டி. இப்ப குடும்ப ரத்தம். ரொம்ப சந்தோஷங்க. அந்த நாவலூர் வேலை?

— நாவலூர் யாருக்கு வேணும்? காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு வேலையா? கேட்டுக்கோ, கையால ஒண்ணு உருவாக்கறவங்களுக்குத்தான் மதிப்பு.

— எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. எதுவோ, அந்தப் புள்ளைக்கு நல்லது நடந்தா சரி. ஸ்கூட்டி சத்தம் கேக்குது, வந்துட்டா போல. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.

— அம்மா, லாரி தெருமுனையில நிக்குது. அப்பா தூங்கறாரா? தூங்கினா எழுப்பிடாத. டிரைவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அப்பா வேணாம்னுட்டா திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்கன்னு.

— தூங்கலை. ஹால்லதான் இருக்காரு. உள்ள வா எப்சி.

— அப்பா, நான் சண்டை போட வரலைப்பா. சீரியஸா. கடைசியா ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன். ஷெட்டுல பாதி இருந்தாக்கூடப் போதும். முடியாதுன்னா...

— கேக்கவே வேணாம். ஷெட்டு முழுக்க உன்னோடது.

— என்னப்பா?

— உன்னோடதும்மா. அந்தப் பழைய கட்டில், உன் சின்ன சைக்கிள், எல்லாத்தையும் எடுத்து வெளிய போட்டுடலாம். எலியேசர் அங்கிள்கிட்ட பேசிட்டேன். நான்தான் உன்னைப் புரிஞ்சுக்காம பேசிட்டேன் எப்சி. மனசுல வெச்சுக்காத.

— அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு? பிபி மாத்திரை போட்டாரா, இல்லையா?

— எல்லாம் போட்டாச்சு. நல்லாத்தான் இருக்காரு. உன்னைக் கேக்காம நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். உன் தட்டுலேந்து ஒரு கிண்ணத்தை எடுத்து அறுப்பின் பண்டிகை ஏலத்துல வெச்சேன். அப்பாவே ஏலத்துல எடுத்துட்டாரு. யாரு செஞ்சதுன்னு தெரியாம எடுத்தாரு. கேட்டியா? தெரியாம.

— நெஜமாவாப்பா? என்னோடதுன்னு தெரியாமலா?

— தெரியாமத்தான். கையில வாங்கினப்புறம் விட மனசு வரலை.

— நீங்க ஒரு தடவைகூட நல்லா இருக்குன்னு சொன்னதே இல்லையேப்பா. நான் ஒவ்வொண்ணு முடிக்கும்போதும் டைனிங் டேபிள்ல வெச்சுப் பாப்பேன், நீங்க பேப்பரை எடுக்கும்போது கண்ணுல படுமான்னு. நீங்க நகத்தி வெச்சுட்டு பேப்பரை எடுப்பீங்க.

— தெரியும்மா. இனிமே நகத்த மாட்டேன்.

— ஐயோ, அழ வைக்காதீங்கப்பா. எது எடுத்தீங்க? வெள்ளையில புள்ளி வெச்சதா? செம்மண்ணு கலர் பெருசா ஒண்ணு இருக்குமே, அதுவா? அது எனக்கே பிடிக்கும்.

— ஷோகேஸ்ல போய்ப் பாரு. நடுத்தட்டுல. என் கேரம் கப்பையே தூக்கிட்டு அதை வெச்சிருக்கேன். நீ பாத்துக்கிட்டு இரு, நான் போய் லாரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்றேன். அந்த டிரைவருக்கு நம்ம தெரு தெரியாது, கரண்ட் கம்பத்துல கொண்டு போய் இடிச்சுடுவாரு.

— மெதுவா போங்க. புது வேஷ்டி அது. பாத்தியா எப்சி, மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடறாரு மனுஷன். எத்தனை நாள் நீ அழுதிருப்ப. இவருக்கு மூளையில ஏறணும்னா சர்ச்சு வேணும், வெள்ளைத் துணி வேணும், மைக் வேணும். கண்ணு மட்டும் இருந்தாப் போதாது. என்னடி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கற?

— இதுவாம்மா?

— இதேதான். எப்படி எடுத்தேன் பாத்தியா?

— இதையா அப்பா எடுத்தாரு?

— ஏன், கேக்காம எடுத்துட்டேன்னு கோவமா?

— கோவம் இல்ல. மெதுவா பேசு. அம்மா, இதை நான் செய்யலை.

— என்ன சொல்ற?

— போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டுல ஒரு பாத்திரக் கடையில வாங்கினேன். இந்த நீலப் பூச்சு மண்ணுல எப்படிப் பிடிக்குதுன்னு பாக்கறதுக்கு. ஃபேக்டரியில அச்சு போட்டு எடுக்கறது. வாசல்ல அடுக்கி வெச்சிருந்தாங்க.

— இல்லையே, அடியில விரல் தடம் இருக்கே.

— அதுவும் அச்சுலயே வரும்மா. கையால செஞ்ச மாதிரி தெரியணும்னு போடறாங்க. எல்லாக் கிண்ணத்துலயும் அதே இடத்துல இருக்கும். வாய் கோணலும் அப்படித்தான்.

— கர்த்தாவே. சரி, நீ வாயைத் திறக்காத. முதல்ல சூளை இறங்கட்டும். உங்கப்பா சபை முழுக்கச் சொல்லிட்டாரு, பிளஸ்ஸி ஆறு கேட்டிருக்கா, பாஸ்டர் உன்னை முன்னாடி நிக்க வைக்கப் போறாரு. நீ இதே மாதிரி ஆறு செஞ்சு குடுத்துடு. யாருக்குத் தெரியப் போகுது?

— மார்க்கெட்டுலயே வாங்கிக் குடுத்துடலாம்மா. அச்சு அசலா இருக்கும்.

— விளையாடற நேரமாடி இது? இப்ப போய் உண்மையைச் சொன்னா அவரு மறுபடி பழையபடி ஆயிடுவாரு. உனக்கு சூளை வேணுமா, வேணாமா?

— எப்சிம்மா, லாரி ஷெட்டுக்கு நேரா வந்துடுச்சு. டிரைவர் கேக்குறாரு, இறக்கிடலாமா?

— இறக்கச் சொல்லுங்கப்பா.

— பாத்து இறக்குங்க தம்பிகளா, ஆர்ட்டிஸ்ட் சாமான் அது.

— அப்பாடா. நல்லவேளை, இறக்கச் சொல்லிட்ட. ஆனா ஏண்டி என்னை அப்படிப் பாக்கற? நான் என்ன உங்கப்பா மாதிரியா? உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன். அந்தத் தட்டு முழுக்க ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாத்து, எது ரொம்ப அழகா இருந்துச்சோ அதைத்தான் எடுத்தேன்.

— அதான்மா. அந்தத் தட்டுல மத்ததெல்லாம் நான் செஞ்சது.